அறுந்த காதைத் தைப்பதற்கு முன்னும் பின்னும்

கம்மல் ஓட்டை நீண்டு நீண்டு, ஒருநாள் ஓரத்தையும் அறுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டால் மனதில் முதலில் வருவது, ஒட்டிவிட்டால் என்ன என்ற யோசனைதான். நானும் அதைச் செய்து பார்த்தவள். இரண்டு வாரம், தினமும் இரவில் இடது காதின் பிளவைச் சேர்த்துப் பிடித்து டேப் போட்டுப் படுத்தேன். காலையில் டேப்பை எடுத்தால் பிளவு பழையபடி வாயைப் பிளந்துகொண்டு இருக்கும். கடைசியில் ஒரு மருத்துவரிடம் போனபோது அவர் என்னுடைய இரண்டு விரல்களைச் சேர்த்துக் காட்டச் சொன்னார். “இதை ஒரு மாசம் கட்டி வெச்சா ஒட்டிக்குமா?” என்று கேட்டார். ஒட்டாது. விரலின் இரண்டு பக்கமும் தோல். ஆறிப்போன காதுப் பிளவின் இரண்டு ஓரமும் அப்படியே தோல் மூடித்தான் இருக்கிறது.

புண்ணும் புண்ணும் சேரும், தோலும் தோலும் சேராது. காதைத் தைக்கிற வேலையில் முக்கால்வாசி இதில் அடங்கிவிடும். பழைய ஓட்டையை ஏன் வெட்டி எடுக்கிறார்கள், பசை ஏன் பலிக்காது, மறுபடி காது குத்த ஏன் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் இங்கேதான் இருக்கிறது. புதிதாக இதைப் பற்றி யோசிப்பவர்களுக்காக, வரிசைப்படி எழுதுகிறேன்.

முதலில் கண்ணாடி முன்னால்

காதின் அடியில் மெத்தென்று தொங்குகிற சதைக்குக் காதுச்சோணை என்று பெயர். பேச்சில் காது என்றே சொல்லிவிடுகிறோம். மேல் காதில் இருப்பதுபோல இங்கே குருத்தெலும்பு கிடையாது. தோல், கொழுப்பு, கொஞ்சம் நார், அவ்வளவுதான். பிடித்து நிறுத்த எலும்போ குருத்தோ இல்லாததால் கனம் தொங்கினால் இழுபட்டுக்கொண்டே போகும். ஆனால் இரத்த ஓட்டம் நன்றாக இருக்கிற இடம் என்பதால் தைத்தால் நன்றாக ஆறும்.

நல்ல வெளிச்சத்தில் நின்று, கம்மலைக் கழற்றிவிட்டு, இரண்டு காதையும் பாருங்கள். ஓட்டை ஒரு கோடுபோல நீண்டிருக்கிறது, ஆனால் கீழ் ஓரம் இன்னும் முழுசாக இருக்கிறது என்றால் அது பாதிக் கிழிசல். ஓரமும் அறுந்து காது இரண்டு வால்போலத் தொங்கினால் முழுக் கிழிசல். பிளக், டனல் மாதிரியான வளையங்களைப் போட்டு வேண்டுமென்றே பெரிதாக்கிய ஓட்டை மூன்றாவது வகை. அதன் சிகிச்சை கொஞ்சம் வேறு என்பதால் பின்னால் தனியாகச் சொல்கிறேன்.

இன்னொரு வகையும் உண்டு. ஓட்டை சரியாகத்தான் இருக்கும், ஆனால் கம்மல் மட்டும் முன்னால் குனிந்து தொங்கும். வயதாக ஆகச் சோணையின் கொழுப்பு வற்றி, தோல் மெலிந்துபோவதால் வருவது இது. இதற்குப் பெரும்பாலும் தையல் தேவைப்படாது. திருகாணிக்குப் பதிலாக அகலமான தட்டு வைத்த பின்பக்க மூடியோ, காதுக்குப் பின்னால் ஒட்டுகிற சிறிய தாங்கு பட்டையோ போதும். ஃபில்லர் ஊசி போட்டு சோணையைக் கொஞ்சம் பூரிக்க வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது நிரந்தரமில்லை, மாதங்களில் கரைந்துவிடும்.

பார்க்கும்போதே காரணத்தையும் யோசித்துவிடுங்கள். கனமான நகையா, குழந்தை பிடித்து இழுத்ததா, சட்டை கழற்றும்போது மாட்டியதா, முதலிலேயே ஓட்டை ரொம்பக் கீழே குத்தப்பட்டதா? ஓட்டையைச் சுற்றி அடிக்கடி அரிப்பு, நீர் கசிவு, பொருக்கு என்று இருந்தால் நிக்கல் கலந்த உலோகம் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். அந்த ஒவ்வாமையைக் கவனிக்காமல் தைத்துவிட்டு அதே கம்மலைப் போட்டால் கதை திரும்ப முதலிலிருந்து ஆரம்பிக்கும்.

இன்றைக்குத்தான் அறுந்தது என்றால்

இந்தக் கட்டுரையை மூடி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். நான் சொன்ன விதி இப்போது உங்களுக்குச் சாதகமாக இருக்கிறது. ஓரங்கள் இரண்டும் பச்சைப் புண், வெட்டிச் செதுக்க அதிகம் இருக்காது, சுத்தம் செய்து நேரடியாகத் தைத்துவிடலாம். அதே நாளில் போவது நல்லது. நாள் கூடக்கூடக் கிருமி சேரும், ஓரத்தின் மேல் தோல் வளர ஆரம்பித்துவிடும்.

போகிற வழியில் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். சுத்தமான துணியை வைத்துப் பத்துப் பதினைந்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நடுவில் எடுத்து எடுத்துப் பார்க்காதீர்கள், பார்க்கிற ஒவ்வொரு தடவையும் உறைய ஆரம்பித்த இரத்தம் கலைந்துவிடும். கம்மல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தால், எளிதாக வந்தால் மட்டும் கழற்றுங்கள். எந்தப் பொடியையும் பசையையும் உள்ளே வைக்க வேண்டாம். வைத்தால் தைப்பதற்கு முன் அதை நோண்டி எடுப்பதே தனி வேலையாகிவிடும். சதைத் துண்டு தனியாக வந்துவிட்டால் அதை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு, அந்தப் பையை ஐஸ் மேல் வைத்து எடுத்துப் போங்கள். ஐஸ் நேராகச் சதையில் படக்கூடாது.

டெட்டனஸ் ஊசி கடைசியாக எப்போது போட்டீர்கள் என்று கேட்பார்கள். நாயோ மனிதரோ கடித்து அறுந்தது என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள், கடிபட்ட காயத்துக்கு மருந்தே வேறு.

அன்றே தைக்க முடியாமல் போய்ச் சீழும் பிடித்துவிட்டால், அவசரமாகத் தைப்பதில் அர்த்தமில்லை. அது முழுக்க ஆறட்டும். வீக்கமும் இறுக்கமும் போய்ச் சதை மெத்தென்று ஆன பிறகு, சில மாதம் கழித்து, பழைய கிழிசலாகவே நினைத்துத் தைத்துக்கொள்ளலாம்.

யாரிடம் போவது, என்ன கேட்பது

பிளாஸ்டிக் சர்ஜன், தோல் அறுவை சிகிச்சை செய்யும் தோல் மருத்துவர், காது மூக்கு தொண்டை மருத்துவர் ஆகிய மூன்று பேரும் இதைச் செய்வார்கள். பெயருக்குப் பின்னால் எந்தப் பட்டம் இருக்கிறது என்பதைவிட, இந்த வேலையை அவர் அடிக்கடி செய்கிறாரா என்பதுதான் முக்கியம். அவர் செய்த காதுகளின் படங்கள் இருக்குமானால் தைத்த அன்று எடுத்ததைப் பார்க்காதீர்கள். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து எடுத்த படத்தைக் கேளுங்கள். தைத்த அன்று எல்லாக் காதும் அழகாகத்தான் இருக்கும்.

கேட்க வேண்டிய கேள்விகள் நிறைய இல்லை. என் கிழிசலுக்கு எந்த மாதிரி வெட்டித் தைப்பீர்கள், ஏன்? ஓரத்தில் பள்ளம் விழாமல் இருக்க என்ன செய்வீர்கள்? ஓட்டையை அடைத்துவிடுவீர்களா, மிச்சம் வைப்பீர்களா? தழும்பு தடித்தால் யார் பார்ப்பார்கள்? கட்டணத்தில் தையல் பிரிப்பதும் பிறகு காது குத்துவதும் சேருமா? இவற்றுக்கு நிதானமாகப் பதில் சொல்கிறவரிடம் காதைக் கொடுக்கலாம்.

தையலே இல்லாமல் ஒட்டித் தருகிறோம் என்கிறவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் அவர்கள் செய்வது, அமிலம் ஒன்றைத் தடவி ஓட்டையின் உள்தோலைக் கருக்கிப் புண்ணாக்குவது. தத்துவம் அதேதான், கத்திக்குப் பதில் அமிலம். சின்னப் பாதிக் கிழிசல் சில தடவை தடவியதில் சுருங்கி மூடிக்கொள்வது உண்டு. ஆனால் எவ்வளவு ஆழம் கருகும் என்பது தடவுகிறவர் கையில் இருக்கிறது, தோல் வெந்து கறுப்பாகவும் ஆகலாம். மருத்துவர் கையில் இல்லாத அமிலத்தைக் காதுக்குப் பக்கத்திலேயே விடாதீர்கள். முழுக் கிழிசலுக்கு இந்த வழியைச் சொன்னால் எழுந்து வந்துவிடுவதுதான் சரி.

மருத்துவரிடம் மறைக்கக் கூடாதவை

உடம்பில் எங்கேயாவது, நெஞ்சு, தோள், தடுப்பூசி போட்ட இடம், பழைய காது ஓட்டை என்று எங்கே தழும்பு தடித்துக் கட்டியாக வளர்ந்திருந்தாலும் சொல்லுங்கள். அப்பா அம்மாவுக்கோ கூடப் பிறந்தவர்களுக்கோ இருந்தாலும் சொல்லுங்கள். அதைக் கெலாய்டு என்பார்கள். காது அதற்கு ரொம்பப் பிடித்த இடம்.

சர்க்கரை இருந்தால் அது கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். புகை பிடிப்பவர்கள் இரண்டு வாரம் முன்னாலிருந்தும், தைத்த பிறகு இன்னொரு இரண்டு வாரமாவது நிறுத்துவது நல்லது. நிகோட்டின் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும், புண் ஆறத் தேவையான இரத்தம் ஓரத்துக்கு வந்து சேராது. ஆஸ்பிரின் மாதிரி இரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் காதுக்காகத் தாங்களாகவே அதை நிறுத்திவிடக் கூடாது. இதயத்துக்காகவோ மூளைக்காகவோ கொடுத்த மாத்திரை அது. எழுதிக் கொடுத்த மருத்துவரும் தைக்கப்போகும் மருத்துவரும் பேசி முடிவு செய்யட்டும். மீன் எண்ணெய் மாத்திரை, முகப்பருவுக்குச் சாப்பிடுகிற ஐசோட்ரெட்டினாயின், மரத்துப்போகும் ஊசி முன்பு ஒத்துக்கொள்ளாமல் போனது, ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வருவது, எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். கர்ப்பமாக இருந்தால் இது அவசரமில்லாத வேலை, பிள்ளை பிறந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தேதியைக் குறிப்பதிலும் கொஞ்சம் யோசனை வேண்டும். ஏதாவது விசேஷத்துக்குக் கம்மல் போட வேண்டும் என்பதற்காகத் தைத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். அந்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். குறைந்தது நான்கு மாதம் இருந்தால் நிம்மதி. ஒரு மாதம்தான் இருக்கிறது என்றால், இந்தத் தடவை ஒட்டும் கம்மலோடு சமாளித்துவிட்டு அப்புறம் தைத்துக்கொள்ளுங்கள். அதற்காகக் கவ்வும் கம்மலை இறுக்கமாக நாள் முழுக்கப் போடாதீர்கள், அழுத்தத்தில் சதை நசிந்துபோகும்.

அன்றைக்கு என்ன நடக்கும்

மயக்க மருந்து தேவைப்படாது. சின்னக் குழந்தைகளுக்கு மட்டும் விதிவிலக்கு. சாப்பிட்டுவிட்டே போகலாம், வெறும் வயிற்றோடு போனால்தான் தலை சுற்றும். முந்தின நாளோ அன்று காலையோ தலைக்குக் குளித்துவிடுங்கள், ஏனென்றால் அடுத்த இரண்டு நாள் முடியாது. முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை போட்டுப் போங்கள். தலை வழியாகக் கழற்றுகிற உடை, திரும்பி வந்து கழற்றும்போது தையலில் மாட்டும்.

முதலில் உங்களை நேராக உட்கார வைத்து, இரண்டு காதையும் ஒப்பிட்டுப் பார்த்து, பேனாவால் கோடு போடுவார்கள். இந்தக் கோட்டை ஊசி போடுவதற்கு முன்னாலேயே போட்டுவிட வேண்டும். மருந்து உள்ளே போனதும் சோணை பலூன்போல உப்பி, உருவமே மாறிவிடும். பிறகு அளந்து பிரயோஜனமில்லை. கண்ணாடியைக் கேட்டு வாங்கி அந்தக் கோட்டை நீங்களும் பாருங்கள்.

பிறகு மரத்துப்போகும் ஊசி. பெரும்பாலும் லிக்னோகெயின், கூடவே இரத்தக் கசிவைக் குறைக்கக் கொஞ்சம் அட்ரினலின். காது, மூக்கு நுனி, விரல் நுனியில் அட்ரினலின் போடக்கூடாது என்று ஒரு பழைய பாடம் இருந்தது. காதுக்கு அது பாதுகாப்பானது என்பதே இப்போது பரவலான அனுபவம். ஊசி குத்துவதைவிட மருந்து உள்ளே பரவுகிற அந்தப் பத்து விநாடி எரிச்சல்தான் கஷ்டம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அதன் பிறகு காது வெளுத்து, மரக்கட்டை போல ஆகிவிடும். இழுப்பது தெரியும், வலி தெரியாது. கத்தரிக்கோல் சத்தம் மட்டும் ரொம்பப் பக்கத்தில் கேட்கும். காதிலேயே நடக்கிற வேலை என்பதால் அதைத் தவிர்க்க முடியாது. வலி தெரிந்தால் பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதீர்கள், சொன்னால் இன்னும் கொஞ்சம் மருந்து போடுவார்கள்.

இப்போது வருவதுதான் நான் முதலில் சொன்ன விஷயம். பிளவின் இரண்டு ஓரத்திலும் மூடியிருக்கிற தோலை மெல்லிசாகச் சீவி எடுப்பார்கள். பாதிக் கிழிசல் என்றால் ஓட்டையின் உள்சுவரை முழுதாகக் குடைந்து எடுப்பார்கள். இந்தத் தோலில் துளி விட்டுப்போனாலும் அந்த இடம் சேராது, அல்லது தோல் உள்ளே புதைந்து நாளடைவில் சிறு கட்டியாக உருளும்.

பாதிக் கிழிசலோடு போகிறவர்களை அதிர வைக்கிற ஒன்று உண்டு. ஓரம் இன்னும் அறுபடாமல் இருக்கிறதே என்று நீங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்பீர்கள், மருத்துவர் அந்த ஓரத்தையும் அறுத்து முழுக் கிழிசலாக்கிவிட்டுத்தான் தைக்க ஆரம்பிப்பார். கை தவறியதால் அல்ல. கீழே நூல்போல மெலிந்து நிற்கிற அந்தப் பாலத்தை அப்படியே விட்டு மேலே மட்டும் தைத்தால், சதை மடிந்து கீழே பிதுங்கும், பாலமும் சீக்கிரமே அறும். கீழ் ஓரம் நல்ல தடிமனாக இருந்தால் மட்டும் அதைத் தொடாமல் உள்ளே தைத்துவிடுவார்கள். எது செய்யப்போகிறார் என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொண்டால் பயப்பட வேண்டியிருக்காது.

தையல் காதின் முன்பக்கமும் பின்பக்கமும் வரும். சில சமயம் நடுவில் கரைகிற நூலால் ஒன்றிரண்டு. வெளியே போடுவது தலைமுடியளவு மெல்லிய நைலான் நூல். கீழ் ஓரத்தில் போடுகிற அந்த ஒரு தையல்தான் மருத்துவரின் கைத்திறனைக் காட்டும். தழும்பு என்பது ஆற ஆற நீளவாக்கில் சுருங்குகிற பொருள். நேர்கோடாகத் தைத்த தழும்பு சுருங்கும்போது ஓரத்தை மேலே இழுக்கும், அங்கே சின்னதாக ஒரு பள்ளம் விழுந்துவிடும். இதைத் தவிர்க்க இரண்டு வழி. தையல் போடும்போதே ஓரத்தைக் கொஞ்சம் வெளியே துருத்தினாற்போல நிறுத்துவது ஒன்று, பின்னால் சுருங்கி மட்டமாகிவிடும். கோட்டை நேராக விடாமல் இசட் எழுத்துப் போலவோ படிக்கட்டு போலவோ உடைத்துத் தைப்பது இன்னொன்று. நேர்கோடு போதுமா, வளைக்க வேண்டுமா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒருமித்த கருத்து கிடையாது. என் காதில் நேர்கோடுதான், பள்ளம் விழவில்லை. தைத்த அன்று ஓரம் துருத்திக்கொண்டிருக்கிறதே என்று யாராவது அழுதால் மட்டும், அழ வேண்டாம் என்று சொல்வேன்.

ஒரு காதுக்கு அரை மணி நேரம் ஆகும். இரண்டையும் ஒரே நாளில் செய்துகொள்ளலாம். கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

வளையம் போட்டுப் பெரிதாக்கிய காது

இதில் முதல் படி பொறுமையாகச் சும்மா இருப்பது. வளையத்தைக் கழற்றிவிட்டு இரண்டு மூன்று மாதம் விடுங்கள். 6 மில்லிமீட்டர் வரை உள்ள ஓட்டை பெரும்பாலும் தானாகச் சுருங்கிச் சாதாரணக் கம்மல் ஓட்டை அளவுக்கு வந்துவிடும். 8, 10 தாண்டியது முழுக்கத் திரும்புவது அரிது. இது ஆளுக்கு ஆள் மாறும். மெதுவாகப் பெரிதாக்கியவர்களுக்கு நன்றாகச் சுருங்கும், அவசரப்பட்டுக் கிழித்துக்கொண்டவர்களுக்கு உள்ளே தழும்பு இருப்பதால் சுருங்காது. எப்படியிருந்தாலும் காத்திருந்ததில் நட்டமில்லை. சுருங்கிய அளவுக்கு வெட்டும் குறையும்.

இங்கே பிரச்சினை, கிழிசலில் போலச் சதை பற்றாமல் இருப்பது அல்ல, அதிகமாக இருப்பது. கயிறுபோல நீண்டு தொங்குகிற சதையில் எதை வைத்துக்கொள்வது, எதை வெட்டி எறிவது, மீதியை எப்படி மடக்கினால் பழைய வளைவு வரும் என்று ஒவ்வொரு காதுக்கும் தனியாகக் கணக்குப் போட வேண்டும். நேரமும் கூட ஆகும். சோணை முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் சிறியதாகத்தான் முடியும். அதை முன்னாலேயே ஏற்றுக்கொண்டு போவது நல்லது.

முதல் பத்து நாள்

மரப்பு சில மணி நேரத்தில் விடும். அப்புறம் விண்விண் என்று ஒரு வலி. பாராசிட்டமால் போதும். முதல் இரண்டு நாள் இரவு தலையணையை உயரமாக வைத்து மல்லாந்து படுங்கள். நடுவில் ஓட்டை இருக்கிற வட்டத் தலையணை, அல்லது பயணத்தில் கழுத்துக்குப் போடுகிற தலையணை இருந்தால் காது எதன் மேலும் படாது.

24 முதல் 48 மணி நேரம் தண்ணீர் படக்கூடாது. அதன் பிறகு தலைக்குக் குளிக்கலாம், தேய்க்கக் கூடாது, ஒற்றித் துடைக்க வேண்டும். தினமும் ஒரு தடவை கொதித்து ஆறிய நீரிலோ உப்புநீர்க் கரைசலிலோ பஞ்சை நனைத்துப் பொருக்கைத் துடைத்துவிட்டு, கொடுத்த களிம்பை மெல்லிசாகத் தடவுங்கள். புண் காய்ந்து பொருக்குக் கட்டினால்தான் ஆறும் என்பது தவறு. ஈரப்பதத்தோடு வைத்த புண்தான் சீக்கிரம் ஆறும், தழும்பும் குறையும். களிம்பு போட்ட இடமெல்லாம் சிவந்து அரித்தால் களிம்பே ஒத்துக்கொள்ளவில்லை என்று அர்த்தம், நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

பின்பக்கத் தையலை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள். கண்ணாடியில் தெரியாது. செல்போனில் படம் எடுத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆபத்து வருவது எதிர்பாராத இடங்களிலிருந்துதான். ஹெல்மெட்டை இழுத்துப் போடும்போது சோணை மடங்கி மாட்டிக்கொள்ளும். முடிந்தால் பத்து நாள் வண்டி ஓட்டாதீர்கள், ஹெல்மெட் இல்லாமல் ஓட்டுவது இதற்கு மாற்று வழி இல்லை. சீப்பு, ஹெட்போன், துண்டை வைத்துத் தலை துவட்டுவது, இடுப்பில் குழந்தை. செல்போனை அடுத்த காதுக்கு மாற்றிவிடுங்கள், இரண்டு காதும் தைத்திருந்தால் ஸ்பீக்கரில் போடுங்கள். தலைக்குச் சாயம் அடிப்பதைத் தள்ளிப் போடுங்கள். நீச்சல் மூன்று வாரத்துக்கு வேண்டாம்.

கொஞ்சம் வீக்கம், கொஞ்சம் நீலம் பாய்வது, துளித்துளியாக இரத்தம் எல்லாம் சாதாரணம். இரத்தம் நிற்காவிட்டால் பதினைந்து நிமிடம் அழுத்துங்கள், அப்படியும் நிற்கவில்லை என்றால் போன் செய்யுங்கள். மூன்றாம் நாளுக்குப் பிறகு வலி குறையாமல் கூடினால், சிவப்பு பரவினால், சீழ் அல்லது காய்ச்சல் வந்தால், காது திடீரென்று உப்பிக் கறுத்தால் அன்றே போய்க் காட்டுங்கள்.

ஏழு முதல் பத்து நாளுக்குள் தையல் பிரிப்பார்கள். ஊசி வேண்டாம், சுருக்கென்று இருக்கும், அவ்வளவுதான். நாமே நகவெட்டியால் பிரித்துவிடலாம் என்று தோன்றும். மெல்லிய நூல், பாதி உள்ளே தங்கிவிடும், வேண்டாம்.

பிரித்த பிறகுதான் ஏமாற்றம்

தையல் பிரித்ததும் காது முழுசாகத் தெரியும். எல்லாம் முடிந்தது என்று தோன்றும். ஆனால் உள்ளே நிலவரம் வேறு. ஒரு வாரத்தில், சேர்ந்த இடத்துக்குப் பழைய தோலின் வலுவில் சுமார் 3 சதவீதம்தான் வந்திருக்கும். மூன்று வாரத்தில் சுமார் 20. மூன்று மாதம் வாக்கில்தான் 80 சதவீதத்தைத் தொடும், அதற்கு மேல் எவ்வளவு காலமானாலும் முழு வலுவுக்குத் திரும்பாது. என்னை நான்காம் மாதம் வரை கம்மல் போடாமல் பிடித்து நிறுத்தியது இந்த எண்கள்தான்.

தழும்பு முதல் இரண்டு மூன்று மாதம் சிவந்து, கொஞ்சம் கெட்டியாகத்தான் இருக்கும். பயப்படாதீர்கள், அது இளகி வெளுக்க ஒரு வருடம் வரை ஆகும். புண் முழுக்க மூடிய பிறகு சிலிகான் ஜெல்லோ சிலிகான் பட்டையோ இரண்டு மூன்று மாதம் விடாமல் பயன்படுத்தலாம். வெளியே போகும்போது எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனைக் காதிலும் தடவுங்கள், புதுத் தழும்பு வெயில் பட்டால் கறுத்துவிடும்.

தழும்பு குறைவதற்குப் பதிலாக வளர்ந்துகொண்டே போனால்? தைத்த கோட்டுக்குள்ளேயே தடித்திருந்தால் பெரும்பாலும் தானாக அடங்கும். கோட்டைத் தாண்டிப் பக்கத்துத் தோலிலும் பரவி, அரித்து, பட்டாணி மாதிரி உருண்டால் அது கெலாய்டு. மூன்றாம் மாதத்துக்கு மேலேகூடத் தலை காட்டும். சின்னதாக இருக்கும்போதே போக வேண்டும், சில வாரத்துக்கு ஒருமுறை ஸ்டீராய்டு ஊசி போட்டால் அமுங்கும். வெட்டி எடுத்துவிடுங்கள் என்று நீங்களாகக் கேட்காதீர்கள். கெலாய்டை வெறுமனே வெட்டினால் பாதிப் பேருக்காவது திரும்ப வரும், சில சமயம் முன்னைவிடப் பெரிதாக. வெட்டுவதானால் கூடவே ஸ்டீராய்டு ஊசி, காதைக் கவ்வி அழுத்துகிற பிரத்தியேகக் கம்மல், சிலருக்குக் கதிர்வீச்சு என்று ஏதாவது ஒன்று சேர வேண்டும்.

மறுபடி காது குத்துவது

சில மருத்துவர்கள் தைக்கும்போதே சிறு தோல் மடிப்பைச் சுருட்டி ஒரு ஓட்டையை மிச்சம் வைத்துவிடுவார்கள். சீக்கிரம் கம்மல் போடலாம் என்பது அதன் வசதி. ஆனால் அந்த ஓட்டை தழும்பின் உச்சியிலேயே இருக்கும். கனம் தொங்கினால் இழுபடுவது அதே கோடு, அதே பலவீனமான இடம். முழுக்க அடைத்துவிட்டு வேறு இடத்தில் குத்திக்கொள்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

எப்போது குத்தலாம் என்று கேட்டால் ஆறு வாரத்திலிருந்து மூன்று மாதம், அதற்கு மேல் என்று ஒவ்வொரு மருத்துவரும் ஒன்று சொல்வார்கள். மேலே சொன்ன எண்களைப் பார்த்தால் மூன்று மாதத்துக்கு முன்னால் அவசரப்பட ஒன்றுமில்லை. தழும்பை விரலால் தடவிப் பாருங்கள். சிவப்பும் கெட்டியும் மாறாமல் இருந்தால் இன்னும் காத்திருங்கள். கெலாய்டு வந்தவர்கள் மறுபடி குத்தாமலே இருப்பது நல்லது.

குத்தும் இடம் தழும்பின் மேல் வரக்கூடாது, ஒரு பக்கம் தள்ளி நல்ல தோலில் வர வேண்டும். கீழ் ஓரத்துக்கு ரொம்பப் பக்கத்தில் போகாமல் கொஞ்சம் மேலே. அடுத்த காதில் ஓட்டை எங்கே இருக்கிறதோ அதற்கு நேராக வைக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் மறுபடி தழும்பிலேயே போய் நிற்பீர்கள். ஒரு மில்லிமீட்டர் தள்ளியிருப்பது உங்களைத் தவிர யாருக்கும் தெரியாது. குத்துவதைத் தைத்தவரிடமே வைத்துக்கொண்டால் தழும்பு எங்கே ஓடுகிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

முதலில் போடுவது டைட்டானியம் போன்ற நிக்கல் கசியாத உலோகத்தில் சின்ன ஒற்றைக்கல் கம்மல். ஆறு வாரமாவது அதைக் கழற்ற வேண்டாம், புது ஓட்டை அவ்வளவு சீக்கிரம் தூர்ந்துவிடும். அது ஆறிய பிறகு இரவில் கழற்றிவிட்டுப் படுக்கப் பழகிக்கொள்ளுங்கள். தூக்கத்தில் தலையணையில் மாட்டி இழுபடுவது நமக்குத் தெரியவே தெரியாது. ஜிமிக்கியும் பெரிய வளையமும் போடலாம், சில மணி நேரத்துக்கு மட்டும், பின்னால் அகலமான தட்டு மூடியோடு. மாதம் ஒரு தடவை கம்மலைக் கழற்றிவிட்டு ஓட்டையைப் பாருங்கள். புள்ளியாக இருந்தால் சரி. கோடாக நீள ஆரம்பித்திருந்தால் அந்தக் கனமான ஜோடியைப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.